குவாண்டம் புள்ளிகள் ஏன் விட்டு விட்டு ஒளிர்கின்றன?

"சென்ற காணொளியில் நுண்ணோக்கி வழியாகக் காட்டிய குவாண்டம் புள்ளிகள் விட்டு விட்டு ஒளிர்ந்தன. லேசர் சீராக விழும்போது அவை ஏன் அணைய வேண்டும்? கருவியில் ஏதேனும் கோளாறா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

கோளாறு ஏதுமில்லை. குவாண்டம் புள்ளி என்பது, தன்மேல் விழும் ஒளியை உறிஞ்சித் தானும் ஒளிரும் மிகச்சிறிய படிகம். லேசர் தடுமாறியிருந்தால் திரையிலுள்ள எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் மங்கியிருக்கும். அந்தக் காட்சியிலோ, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டில் ஒன்று இருண்டு கிடக்கும்போது மற்றொன்று பளிச்சென்று எரிகிறது. அணைவதும் மெல்ல மங்கி அல்ல, பெரும்பாலும் விசையைத் தட்டியது போலச் சட்டென்றுதான். காட்மியம் செலினைடு நுண்படிகங்களில் இதைக் கண்டு 1996-இல் வெளியிட்ட குழுவில், பின்னாளில் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பாவெண்டியும் புரூஸும் இருந்தனர். கரைசலில் கோடிக்கணக்கான படிகங்களை ஒருசேர அளக்கும்போது இந்தச் சிமிட்டல் சராசரியில் கரைந்துவிடும். குவாண்டம் புள்ளிகள் கொண்ட தொலைக்காட்சித் திரை நம் கண்ணுக்குச் சிமிட்டாததும் அதனால்தான்.

சில நானோமீட்டர் குறுக்களவே உள்ள இந்தப் படிகம் ஒளியை உறிஞ்சியதும் ஓர் எலக்ட்ரான் மேல் நிலைக்கு எழும்பி, தான் இருந்த இடத்தில் ஒரு துளையை விட்டுச் செல்கிறது. இரண்டும் மீண்டும் சேர்ந்தால் ஓர் ஒளித்துகள் வெளிப்படும். இதற்குப் பொதுவாகப் பத்து இருபது நானோவினாடிகள் ஆகும். ஆனால், எப்போதாவது அந்த எலக்ட்ரானோ துளையோ படிகத்தின் பரப்பிலோ சுற்றுப்புறத்திலோ உள்ள ஏதோ ஒரு குறைபாட்டில் போய்ச் சிக்கிக்கொள்ள, உள்ளே துணையற்ற மின்சுமை ஒன்று மிஞ்சிவிடுகிறது. அதன்பின் உருவாகும் ஒவ்வோர் இணையும் தன் ஆற்றலை ஒளியாக உமிழாமல் அந்த மின்சுமையிடம் கைமாற்றி வெப்பமாக்கிவிடுகிறது. ஓஷே மறுசேர்க்கை எனப்படும் இந்த வழி, சிறிய படிகங்களில் ஒரு நானோவினாடிக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுவதால், ஒளி வெளிவர வாய்ப்பே கிடைப்பதில்லை. சிக்கியது திரும்பி வரும்வரை இருள். 1997-இல் எஃப்ரோஸ், ரோசன் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இது.

உண்மையான புதிர் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. சிக்கவைக்கும் இடம் ஒன்றே ஒன்று என்றால், இருள் நீடிக்கும் காலத்துக்கு ஒரு குறிப்பிட்ட சராசரி இருந்தாக வேண்டும். அளந்து பார்த்தால் அப்படி ஒன்று அகப்படுவதில்லை. அதே புள்ளி ஒரு முறை சில மில்லிவினாடிகளும் மறுமுறை பல நிமிடங்களும் இருண்டு கிடக்கிறது. நீண்ட இருள்கள் அரிதாகும் விகிதம், கால அளவின் ஏறத்தாழ ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதமாக அமைகிறது; அதாவது, கால அளவு நான்கு மடங்கானால் அத்தகைய இருள் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. இதன் விளைவு விசித்திரமானது: எவ்வளவு நேரம் இருண்டு கிடந்ததோ, அந்த அளவுக்கு இன்னும் நீண்ட நேரம் இருண்டு கிடக்கவே வாய்ப்பு அதிகம். பத்து நிமிடம் பார்த்துக் கணக்கிட்ட சராசரி, ஒரு மணி நேரம் பார்த்தால் செல்லாது.

சிக்கும் இடங்கள் பல தொலைவுகளில் சிதறிக் கிடக்கின்றன என்றும், தொலைவு சற்றே கூடினாலும் எலக்ட்ரான் இடையிலுள்ள ஆற்றல் தடையை ஊடுருவித் திரும்பும் நேரம் பன்மடங்காகிறது என்றும் ஒரு சாரார் கூறுகின்றனர். படிகம், சிக்கும் இடம் ஆகியவற்றின் ஆற்றல் நிலைகளே தள்ளாடி நகர்ந்து, ஒன்றோடொன்று பொருந்தும்போது மட்டும் பாதை திறக்கிறது என்பது மற்றொரு சாராரின் வாதம். அத்தகைய தள்ளாட்டம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் நேரங்களின் கணக்கிலும் அதே ஒன்றரை இயல்பாகவே வருகிறது. இரண்டாலும் அந்த எண்ணை விளக்க முடிவதால், அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது.

போதாக்குறைக்கு, 2011-இல் வேறொரு வகைச் சிமிட்டலும் பதிவாயிற்று. அதில் ஒளி குறைந்தாலும் ஒளிர்வின் ஆயுட்காலம், அதாவது ஒளியை உறிஞ்சியபின் ஒளித்துகள் வெளிவர ஆகும் சராசரி நேரம், குறையவில்லை. மின்சுமை மிஞ்சியதுதான் காரணம் என்றால் அந்த ஆயுட்காலமும் சுருங்கியிருக்க வேண்டும். எலக்ட்ரான் தன் கூடுதல் ஆற்றலை இழந்து அமைதியாவதற்கு முன்பே பரப்பிலுள்ள குறைபாடு அதைப் பறித்துக்கொள்கிறது என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது.

சிமிட்டலை நிறுத்த முடியுமா என்றும் அதே நேயர் கேட்கிறார். பெருமளவு முடியும்: 2008-இல் இரு குழுக்கள் காட்மியம் செலினைடு உட்கருவின் மேல் காட்மியம் சல்ஃபைடைத் தடித்த ஓடாக வளர்த்தபோது, பல புள்ளிகள் ஏறக்குறைய இடைவிடாமல் ஒளிர்ந்தன.