ஞானஸ்நானம் எடுத்த பிறகும் நான் பழைய ஆள்தானா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “ஞானஸ்நானம் எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கோபம் அப்படியே இருக்கிறது. வீட்டில் என்னைப் பழைய ஆளாகத்தான் பார்க்கிறார்கள். நான் உண்மையிலேயே கிறிஸ்துவுக்குள் புதிதாக்கப்பட்ட புதுச்சிருஷ்டியா? சவுல் பவுலானதுபோல் பெயரையாவது மாற்றிக்கொள்ளட்டுமா?”

பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விசுவாசிகளைத் துன்புறுத்திவந்த சவுல் மனந்திரும்பியது, வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தில் 9ஆம் அதிகாரம். பவுல் என்ற பெயர் முதன்முதலாக வருவது 13ஆம் அதிகாரத்தில், சீப்புரு (சைப்ரஸ்) தீவில். அங்கேயும் ‘பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்’ என்றே இருக்கிறது. மனந்திரும்பிய அன்று, தமஸ்கு பட்டணத்துக்குப் போகும் வழியில் ஆண்டவர் “சவுலே, சவுலே” என்றுதான் கூப்பிட்டார். அங்கே புதுப் பெயர் எதையும் சூட்டவில்லை. நீங்கள் பெயரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் உங்கள் இரட்சிப்பில் ஒன்றும் கூடாது, குறையாது.

கோபத்துக்கு வருகிறேன். கோபத்தையும் மூர்க்கத்தையும் விட்டுவிடுங்கள் என்று பவுல் எழுதியது யாருக்கு? கொலோசெ பட்டணத்துச் சபையில் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்களுக்கு. அவர்களிடமும் கோபம் இருந்தது, அம்மா. அதற்காக அவர்கள் கிறிஸ்துவுக்குள் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

இனி அனனியா. இவரைப் பற்றி நான் எத்தனை முறை பேசினேன் என்று தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்; பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஒருமுறை சொல்கிறேன். ஆண்டவர் வழியில் கூப்பிட்ட பிறகு, சவுல் தமஸ்குவில் மூன்று நாள் பார்வையில்லாமல், சாப்பிடாமல், குடிக்காமல் கிடக்கிறார். விசுவாசிகளைக் கட்டிக்கொண்டுபோக வந்த மனிதர் அவர். அந்த ஊர் விசுவாசிதான் அனனியா. பயந்தார், ஆண்டவரிடமே மறுத்துப் பேசினார். ஆனாலும் சவுலிடம் போனார். போய், கையை அவர்மேல் வைத்து, “சகோதரனாகிய சவுலே” என்றார். அந்த மனிதருக்கு இன்னும் பார்வை திரும்பவில்லை. ஒரு பிரசங்கம் செய்யவில்லை. திருந்திவிட்டார் என்பதற்கு வெளியே தெரியும்படி ஒரு அடையாளமும் இல்லை. அதற்குள் அவர் சகோதரன்!

நான் விசுவாசத்துக்கு வந்த புதிதில் ஆராதனையில் கடைசி வரிசையில், கதவோரமாக உட்காருவேன். என் பழைய வாழ்க்கை அங்கே பலருக்குத் தெரியும். ஒருநாள் ஒரு பெரியவர் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தன் வேதப்புத்தகத்தை என் மடியில் பாதி விரித்து வைத்து, “வாசியுங்கள், தம்பி” என்றார். அந்த ‘தம்பி’தான் எனக்குக் கிடைத்த புதுப்பெயர்.

அதனால் சகோதரி, உங்கள் கேள்வியை உங்கள் சபையிடம் கேட்க ஆசைப்படுகிறேன். இரண்டு ஆண்டுகளாக உங்களை யார் இப்படிக் கூப்பிட்டார்கள்? உள்ளுக்குள் தோண்டித் தோண்டி, ‘நான் புதியவளா’ என்று நீங்கள் தனியாகத் தேடிக்கொண்டிருக்க விட்டது யார்? இந்தக் காணொளியைப் பார்க்கிற சபை மூப்பர்களே, கதவோரம் உட்கார்ந்திருப்பவர்களைத் தயவுசெய்து பாருங்கள்.

பல ஆண்டுகள் கழித்து, காவலில் கட்டுண்டவராய், முதிர்வயதில் பவுல் பிலேமோனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மொத்தம் 25 வசனங்கள். ஒநேசிமு என்ற அடிமையை அவனுடைய எஜமானாகிய அந்தப் பிலேமோனிடமே திருப்பி அனுப்புகிறார். பெயர் அதே ஒநேசிமுதான். இனி அவனை அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். தமஸ்குவில் பார்வையில்லாமல் கிடந்தபோது தன் காதில் விழுந்த அதே வார்த்தை.