பீடி, சிகரெட்டை விடுவதற்கு ஒரு துணை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். புகையிலையை விட நினைப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. வருகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பில், "எனக்கு மன உறுதி பத்தலைங்க" என்பார்கள். நான் கேட்பேன்: "விடப்போறதை யார்கிட்ட சொன்னீங்க?" பெரும்பாலும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். மறுபடி பிடித்துவிட்டால் கேலி பேசுவார்களே என்ற பயம். பழகும்போது நாலு பேரோடு சேர்ந்து பழகியது, விடும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் விடவேண்டுமா?

ஒரு ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பதைத் தொட்டவர். வீட்டில் பிடிக்கவே மாட்டார்; எல்லாம் ஸ்டாண்டில்தான். டீ கிளாஸ் கைக்கு வந்தால் சிகரெட்டும் வரவேண்டும். அந்தக் கடை வாசல் கம்பியில் நூலில் கட்டின லைட்டர் தொங்கும். டீயை வாங்கித் திரும்பினால் அதன் முன்னால்தான் நிற்கவேண்டும். ஒருநாள் துணிந்து, விடப்போவதை ஸ்டாண்டில் சொல்லிவிட்டார். அடுத்த டீயிலிருந்து, டீ மாஸ்டர் அவருக்கு மட்டும் போண்டா தட்டு இருக்கும் பக்கமாகக் கிளாஸை நீட்டினார். சக ஓட்டுநரான ஒரு தம்பி, அவரே புகைப்பவர், கடலைமிட்டாயைக் கையில் திணித்து ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். சிகரெட் வேண்டும் என்று மனசு கிடந்து அடிப்பது சில நிமிடம்தான் நேயர்களே. அந்தச் சில நிமிடத்துக்குத்தான் துணை வேண்டும்.

முதல் வாரம் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். அவர் மனைவியிடம் நாங்கள் முன்னதாகவே சொல்லிவைத்தோம்: "இந்தக் கோபம் உங்க மேல இல்லம்மா, புகையிலையில இருக்கிற நிக்கோடினை உடம்பு கேட்குது." அந்த அம்மாவும் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு துக்க வீட்டில், ராத்திரி, ஆட்டோக்காரர் ஒன்றைப் பற்றவைத்துவிட்டார். மறுநாள் தம்பியிடம் சொன்னபோது தம்பி திட்டவில்லை. "சரி விடுங்கண்ணே, டீ இந்தப் பக்கம் வாங்குங்க" என்றார். அவ்வளவுதான். ஒன்று பிடித்ததால் எல்லாம் போய்விடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அப்படிச் சொல்ல ஆள் இல்லாதவர்கள்? சிகரெட் பாக்கெட்டில் அந்தப் பெரிய எச்சரிக்கைப் படத்தோடு ஒரு எண் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? 2018 முதல் அச்சாகிறது. மத்திய அரசின் இலவச ஆலோசனை எண். 1800 11 2356. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையின் மையம் வழியாகத் தமிழிலும் பேசுவார்கள். விடும் தேதியை உங்களோடு சேர்ந்து குறிப்பார்கள், பிறகு அவர்களே கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். பேனா எடுத்துவிட்டீர்களா? 1800 11 2356.

சிகரெட் ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் நிக்கோடின் சூயிங்கம் பற்றியும் கேட்கிறார்கள். மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். பபிள்கம் மாதிரி விடாமல் மெல்லக்கூடாது. கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். டீ, காபி குடித்த உடனே போட்டால் சரியாக வேலை செய்யாது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மெல்லும் புகையிலை பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். இது மட்டும்: அதை வாயில் அடக்குகிறவர்களுக்கும் இதே எண்தான். வாயில் புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றாலோ, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தாலோ, வாய் முன்போலத் திறக்கவில்லை என்றாலோ, வலி இல்லையே என்று இருந்துவிடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.