மகுடம் தந்தது கோயிம்பிரா மன்றமே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஜுவாவுக்கு மகுடம் தந்தது வாளா, வாதமா?' வாதமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், பக்கத்து நாடான காஸ்டீலின் படையை ஜுவாவ் முறியடித்த அல்ஜுபரோட்டா போர்க்களத்தையே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார். ரொட்டி சுடும் அம்மா ஒருவர் அடுப்புத் துடுப்பால் ஏழு காஸ்டீல் வீரர்களை அடித்துக் கொன்றதாகச் சொல்லும் நாட்டுக்கதையைக்கூட விடவில்லை. நானும் கைதட்டினேன். ஆனா அண்ணே, அந்தப் போர் நடந்தது 1385 ஆகஸ்ட் 14. ஜுவாவை ராஜா என்று அறிவித்தது ஏப்ரல் 6. தாலி கட்டி நாலு மாசம் கழிச்சு வந்த சண்டைதான் கல்யாணத்துக்கே காரணம்னு சொன்னா எப்படிண்ணே?

மன்னர் பெத்ரோவுக்கும் தெரேசா லொரென்சோவுக்கும் 1357-ல் திருமணமில்லாமல் பிறந்த பிள்ளை ஜுவாவ். அரியணைக் கணக்கிலேயே இல்லாதவர். சின்ன வயதிலேயே அவிஸ் என்ற துறவுப் படைக்குத் தலைவராக்கி ஒதுக்கி வைத்தார்கள். 1383-ல் அண்ணன் பெர்னாந்து ஆண் வாரிசின்றி இறந்தார். அவர் மகள் பெயத்ரிஸ், காஸ்டீலின் அரசர் ஹுவானுடைய மனைவி. மகள் அரசியானால் மருமகன் கைக்கு நாடு போய்விடும். அந்த டிசம்பரில் ஜுவாவ் அரண்மனைக்குள் புகுந்து, பெயத்ரிஸின் தாயான ராணிக்கு நெருக்கமான ஆந்தெய்ரோ பிரபுவை வெட்டிச் சாய்த்தார். லிஸ்பன் மக்கள் அவர் பக்கம் திரண்டார்கள்.

"பார்த்தீர்களா, வாள்!" என்றார் அண்ணன். சரி, வெட்டியதும் ராஜா ஆனாரா? 'நாட்டின் காவலர்' என்ற பட்டம்தான் கிடைத்தது. 1384 செப்டம்பரில் கொள்ளைநோய் தாக்கி, ஹுவான் லிஸ்பன் முற்றுகையைக் கைவிட்டு ஓடினார். அப்பவும் ராஜா இல்லை!

பிறகுதான் கோயிம்பிராவில் நாட்டு மன்றம் கூடியது. பிரபுக்கள், குருமார், நகரங்களின் பிரதிநிதிகள். ஜுவாவ் தஸ் ரெக்ராஷ் என்ற சட்ட அறிஞர் எழுந்தார். நம்ம மேடைக்கு வந்திருந்தால் நடுவர் மணியடிக்கவே மறந்திருப்பார்! பெயத்ரிஸ்? தாய்க்கு முதல் கணவர் உயிரோடு இருக்கையில் நடந்த திருமணம், செல்லாது. பெத்ரோவுக்கும் அவர் காதலி இனேஸுக்கும் பிறந்த பிள்ளைகள்? ரகசியத் திருமணம் என்கிறார்கள், சாட்சிகளால் தேதியைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இங்கே முறையான வாரிசு எவருமே இல்லை, அரியணை காலி, தேர்ந்தெடுக்கும் உரிமை மன்றத்துக்கே! 'முறைதவறிப் பிறந்தவன்' என்ற வசையை எல்லார் மேலும் சமமாகப் பூசிவிட்டு, தம் ஆளை மட்டும் கரையேற்றினாரே, என்ன கெட்டிக்காரத்தனம்!

ஜுவாவின் தளபதி நூனோ ஆல்வரெஸின் ஆட்கள் ஆயுதத்தோடு கோயிம்பிராவில் நின்றார்களே என்று கேட்கலாம். நின்றார்கள்தான். மிரட்டலே போதுமென்றால் அந்த வழக்கறிஞருக்கு அங்கே என்ன வேலை?

வாளால் வந்த மகுடத்தைப் பார்க்க ஆசையா? ஹுவானின் அப்பா என்ரிக்கேயைப் பாருங்கள். அவரும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்தான். 1369-ல் மொந்தியேலில், அரசராக இருந்த தன் சகோதரனைக் கத்தியால் குத்திக் கொன்று அரியணை ஏறினார். ஜுவாவோ மன்றம் கூடும்வரை காத்திருந்தார்.

அல்ஜுபரோட்டா அந்த மகுடத்தைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. தோற்றிருந்தால் 48 ஆண்டு ஆட்சியும் இல்லை, 1415-ல் வட ஆப்பிரிக்காவின் செயூத்தா நகரைப் பிடித்ததும் இல்லை. ஆனால் காப்பாற்ற ஒரு மகுடம் முதலில் தலையில் இருக்க வேண்டுமே!

அடுத்து வரும் எதிரணித் தோழருக்கு ஒரே கேள்வி. அதொலெய்ரோஸில் நூனோ காஸ்டீல் படையை முறியடித்தது 1384 ஏப்ரல் 6. மன்றம் ஜுவாவை ராஜாவாக்கியது 1385 ஏப்ரல் 6. மகுடம் தருகிற சக்தி வாளுக்கு இருந்தால், ஜெயித்த அந்த வாள் முழுசாக ஒரு வருஷம் யாருக்காகக் காத்துக்கிடந்தது?