சாமியில்லாத கோயில்

நேயர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் என்று ஓடுகிற தொழில். பதினான்கு வருஷம் ஒரு குருவுக்கு அன்பராக இருந்தேன். அவர் பெயர் இங்கே வேண்டாம். அவருடைய உரைகளைச் சிறு நூல்களாக அச்சடித்துத் தருவது என் சேவை. வேறு யாருடைய புரூஃப் வந்தாலும் ஓர் ஒற்று விட்டுப்போனால் என் கண் அங்கே நின்றுவிடும். குருவின் உரையில் மட்டும் தப்பு தெரிந்தாலும் கை வைக்கமாட்டேன். "அதிலும் ஒரு அர்த்தம் இருக்கும்" என்றார் மூத்த அன்பர் ஒருவர். நம்பினேன். பிழையோடு ஆயிரம் பிரதி அடித்தேன். அன்றைக்கு அது எனக்குப் பணிவாகத் தெரிந்தது.

அங்கே கிடைத்ததையும் மறைக்கக் கூடாது. அப்பா இறந்தபோது சத்சங்கத்துக்காரர்கள் காரியம் முடியும்வரை தினமும் வந்து கூட இருந்தார்கள், சமைத்துப் போட்டார்கள். விடியற்காலை நாலரை மணி ஜபத்தில் மனசு அடங்கியது. அது பொய் இல்லை.

என் மகளுக்கு வெளியூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. வழக்கம்போல குருவிடம் கேட்டேன். வேண்டாம் என்று உத்தரவு வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் அழவில்லை. "அவர் சொன்னது இருக்கட்டும்பா. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்னுடைய நினைப்பு என்று ஒன்றும் உள்ளே அகப்படவில்லை. ஐம்பதை நெருங்கிய மனிதன், சொந்த மகளைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. அப்படி நான் பயந்ததே கிடையாது. அந்த வாரமே அவளைக் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். அடுத்த வியாழக்கிழமை சத்சங்கத்துக்குப் போகவில்லை.

போகாமல் இருந்தால் விட்டுவிட்டதாக ஆகிவிடுமா? இரண்டு வாரம் கழித்து, மழை நாளில், கிரீன் சர்க்கிள் பக்கம் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. ரோட்டில் கிடந்தபடி முதலில் நினைத்தது 'குரு சாபம்' என்றுதான். மருந்து போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்: "மழை பெய்ஞ்சா வழுக்கும்ங்க." அந்தச் சாதாரண பேச்சை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல மாதம் ஆனது.

அப்புறம்தான் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொண்டேன். பிறந்தது மதனப்பள்ளி. நமக்குச் சித்தூர் தாண்டிப் போகிற ஊர். இவர்தான் வரப்போகும் உலக ஆசான் என்று நம்பிய பிரம்மஞான சபையினர், 1911இல் ஓர் அமைப்பே தொடங்கி, அவரை அதற்குத் தலைவராக்கினார்கள். 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஹாலந்து நாட்டில் ஓமன் என்ற ஊரில், அந்தச் சபையின் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் முன்னிலையில், சுமார் மூவாயிரம் பேர் கூடியிருந்த முகாமில் அவரே அந்த அமைப்பைக் கலைத்தார். உண்மைக்குப் போட்டுவைத்த பாதை எதுவும் இல்லை என்றார்.

பெரிய துணிவு. ஆனாலும் எனக்கு நினைப்பெல்லாம் அந்த மூவாயிரம் பேர் மேல்தான். மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்திருப்பார்கள்? யாரையும் பின்பற்றாதே என்பதை, அவர் சொன்னார் என்பதற்காகவே ஏற்றுக்கொண்டால் அதுவும் பின்பற்றுவதுதானே? நானும் அதையேதான் செய்தேன். ஒரு வருஷம் வாயைத் திறந்தால் 'கிருஷ்ணமூர்த்தி சொன்னார்' என்பேன். ஆள்தான் மாறியிருந்தார், நான் கைகட்டி உட்கார்ந்த விதம் மாறவில்லை.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல தலைமுறையாக மூலவர் இல்லை. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது, 1981இல்தான் திரும்பி வந்தது. அதற்கு முன்னால், சின்னப் பையனாக, அம்மாவோடு அங்கே போயிருக்கிறேன். வந்தவர்களெல்லாம் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் வெறும் கருவறைக்கு எதிரில் நின்றார். "சாமிதான் இல்லையேம்மா" என்றேன். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இப்போதெல்லாம் அம்மா நின்ற அந்த நிலை அடிக்கடி ஞாபகம் வருகிறது. உள்ளே காலியானதும் இன்னொருவரைத் தூக்கி வைக்க எனக்கு அவ்வளவு அவசரம் இருந்தது.

ரமணர் வாழ்ந்த திருவண்ணாமலை 1989 வரைக்கும் வடஆற்காடு மாவட்டம்தானே, அந்த மண்ணில் பிறந்துவிட்டுக் குரு வேண்டாம் என்கிறாயே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குரு கூடாது என்று நான் சொல்லவில்லை. ரமணர் சடங்காக யாருக்கும் தீட்சை கொடுத்தவர் இல்லை. கேட்க வந்தவனிடமே 'கேட்கிற நீ யார்?' என்று கேள்வியைத் திருப்பிவிட்டார். என் மகள் கேட்டதும் கிட்டத்தட்ட அந்தக் கேள்விதான்.

நேயர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படி விட்டு வந்தால், 'அப்பவே சொன்னேனே' என்று மட்டும் சொல்லாதீர்கள். என் மனைவி சொல்லவில்லை. கூடத்தில் இருந்த படத்தை இறக்க எனக்குக் கை வரவில்லை. அவள்தான் இறக்கி, துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். அந்த ஆணியில் தினசரி காலண்டரை மாட்டினாள்.

இன்றும் நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மந்திரம் சில நாள் தானாக வரும், வந்தால் தடுப்பதில்லை. காலண்டர் தாளைக் கிழிக்கும்போது கண் நேராக ராசிபலனுக்குப் போகிறது. இன்றைய நாள் எப்படி என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கம் அப்படியே இருக்கிறது. சில நாள் படித்துவிடுகிறேன். சில நாள் தாளை மடித்து வைத்துவிட்டு, வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

வணக்கம்.