அயர்லாந்தின் வானிலைக் குறிகள் பட்டறிவே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். "அயர்லாந்தின் நாட்டுப்புற வானிலைக் குறிகள் பட்டறிவா, மூடநம்பிக்கையா?" என்னும் கேள்விக்குப் பட்டறிவே என்று வாதிட வந்திருக்கிறேன்.

புனித சுவிதின் திருநாளான ஜூலை 15 அன்று மழை பெய்தால் நாற்பது நாள் விடாது பெய்யும் என்ற நம்பிக்கை பொய்த்துப்போகிறது என்றார் எதிரணித் தலைவர். பொய்க்கிறதுதான், நான் மறுக்கவில்லை. புதர்களில் பழம் மிகுந்தால் கடுங்குளிர் வரும் என்பதையும் விட்டுத்தருகிறேன். பழத்தின் மிகுதி கடந்துபோன பருவத்தின் விளைவே ஒழிய, வரப்போகும் குளிர்காலத்தின் அறிவிப்பு அன்று. ஆயினும், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆரூடம் சொல்லும் இவற்றையும், இன்றிரவையும் நாளையையும் பற்றி மட்டுமே பேசும் குறிகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையாகாது.

1937 முதல் 1939 வரை, அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையத்தின் முயற்சியால், ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர்கள் தம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்தவற்றில் இத்தகைய குறிகள் ஏராளம். தகைவிலான் குருவி தாழப் பறந்தாலும், தொலைவிலுள்ள மலை மிக அருகில் இருப்பதுபோலத் தெரிந்தாலும், புகைபோக்கியிலிருந்து கரி உதிர்ந்தாலும், நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டினாலும் மழை வரும் என்றார்கள். இவர்கள் புல்லை அறுத்து உலர்த்தியவர்கள், கடலில் படகு இறக்கியவர்கள். கணிப்பு தவறினால் மாடுகளின் குளிர்காலத் தீவனம் அழுகும், அல்லது போன படகு திரும்பாது. உயிரையும் உழைப்பையும் பணயம் வைத்துச் சரிபார்த்த செய்தியை மூடநம்பிக்கை என்று எப்படி ஒதுக்குவது?

நிலவைச் சுற்றிய அந்தக் கோட்டை, உயரத்தில் பரவும் மெல்லிய மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் தோன்றுகிறது. அந்த மேகமோ பல வேளைகளில் மழை கொண்டுவரும் வெப்பக்காற்று முகப்புக்கு, அதாவது முன்னேறிவரும் வெப்பக்காற்றின் முன்விளிம்புக்கு, முன்னோடியாக வருவது. அந்திச் செவ்வானம் நல்ல நாளைக் காட்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அங்கே வானிலை பெரும்பாலும் மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து வருகிறது. மறையும் சூரியனின் செவ்வொளி நம்மை எட்டுகிறதென்றால், மேற்கே வானம் தெளிந்திருக்கிறது என்று பொருள்.

வானிலையைக் கணிக்கக் காற்றழுத்தத்தை அளக்கும் அழுத்தமானி வந்தபின் குறி எதற்கு என்றும் கேட்டார்கள். 1944 ஜூனில், மேயோ மாவட்டத்தின் பிளாக்சாடில் மாரீன் ஃபிளாவின் என்ற இளம்பெண் எடுத்தனுப்பிய அழுத்தமானி அளவுகள், இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நடத்திய படையிறக்கம் ஜூன் 5இலிருந்து 6க்குத் தள்ளிப்போனதில் பெரும்பங்கு வகித்தன. அளந்தது கருவிதான். ஆனால் அந்தச் சிற்றூரின் அளவுக்கு அத்தனை மதிப்பு வந்தது, அட்லாண்டிக்கின் வானிலை முதலில் வந்து தொடும் மேற்கு விளிம்பில் அது இருந்ததால்தான். அக்கரையின் மீனவர்கள், படகை இறக்குமுன் மேற்கு வானத்தைப் பார்த்ததும் அதே காரணத்தால்தான் நடுவர் அவர்களே!