ஒரு வீடு, ஒரே புள்ளி: மங்கலான படத்தில் கூரைகளைத் தேடும் கணினி

(திரையில்: சாம்பலும் பழுப்புமாகச் சில சதுரங்கள்)

இந்தச் செயற்கைக்கோள் படத்தில் எத்தனை வீடுகள் தெரிகின்றன? கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒன்றுகூடத் தெரியாது. ஆனால், இதே போன்ற படங்களிலிருந்து கூரையின் விளிம்பையும் கட்டடத்தின் உயரத்தையும் கணினி சொல்லிவிடுகிறது!

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கானாவின் தலைநகர் அக்ராவில் 2019இல் கூகுள் ஆய்வகம் திறந்தது. மண் சுவர், ஓலைக் கூரை, பாலைவனப் பாறை எல்லாம் மேலிருந்து ஒரே நிறமாகத் தெரியும் நிலத்தில் வீட்டை அடையாளம் காணக் கணினியைப் பழக்கினார்கள். 2021இல் ஆப்பிரிக்காவின் 51.6 கோடி கட்டடங்களின் எல்லைக்கோடுகள் ‘ஓப்பன் பில்டிங்ஸ்’ (Open Buildings) என்ற பெயரில் இலவசமாக வெளியிடப்பட்டன. 2023இல் தெற்காசியா, இலத்தீன் அமெரிக்கா எல்லாம் சேர்ந்து 180 கோடி.

அதற்குப் பயன்பட்டவை 50 செ.மீ. நுணுக்கமுள்ள படங்கள், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் அரை மீட்டர். சில இடங்களுக்கு அத்தகைய படம் பல ஆண்டுகள் பழையதாகத்தான் கிடைக்கும். நேற்று முளைத்த குடியிருப்பு அதில் இருக்காது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களோ ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுக்கின்றன, அதுவும் இலவசமாக. ஆனால், ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். அரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு வீடே ஒரு புள்ளிக்குள் மறைந்துவிடும்.

இனி வருவதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. ஓலை வேலியை ஒட்டி நடந்திருக்கிறீர்களா? நின்ற இடத்தில் நின்றால் கீற்றிடுக்கில் மாட்டின் காது மட்டும் தெரியும். இரண்டடி நகர்ந்தால் கிணற்றுச் சுவர். இன்னும் நகர்ந்தால் துளசி மாடம். வேலி முடிவதற்குள் முற்றம் முழுவதும் மனத்தில் வந்துவிடும். செயற்கைக்கோளும் அப்படித்தான். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அதன் புள்ளிக் கட்டங்கள் இம்மியளவு விலகி விழுகின்றன. முந்தைய படத்தில் ஒரு கட்டத்துக்குள் அடங்கிய கூரை, அடுத்ததில் பக்கத்துக் கட்டத்தையும் தொடும். ஒரே இடத்தின் 32 படங்கள் வரை அடுக்கி, கூர்மையான படங்களில் பழகிய இன்னொரு கணினி மாதிரியை ஆசானாக வைத்துக் கற்பித்தார்கள். 10 மீட்டர் மங்கலிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் நுணுக்கம் வந்தது! உயரத்தில் சராசரிப் பிழை ஒன்றரை மீட்டர், அதாவது பாதி மாடி. 2016 முதல் 2023 வரை ஆண்டுவாரியாக நகரம் வளர்வதை ஓட்டிப் பார்க்கலாம்.

தடுப்பூசிக் குழு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும், மின்கம்பி எதுவரை நீள வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்ய இது உதவுகிறது. கணக்கில் வராத வீட்டுக்கு எதுவும் வந்து சேராது. அதனால்தான் இது இலவசமாக இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரு குறை உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளை ஒரே கட்டடமாக எண்ணிவிடும். இந்தியாவும் இலங்கையும் இந்தத் தரவில் இருக்கின்றன. உங்கள் தெருவைத் தேடி, எத்தனை வீடுகள் ஒன்றாகிவிட்டன என்று எண்ணிக் கீழே எழுதுங்கள்.