நோவு இல்லாத நாளில் செய்துகொள்ள வேண்டியவை: ஏலத் தோட்டத்துக்குப் போகும் குடும்பங்களுக்கு

வணக்கம். தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து பேசுகிறேன். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ஆகிய மூன்று வழிகளிலும் விடியற்காலையில் ஜீப் ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பும் நம் பெண்களையும் ஆண்களையும் மனத்தில் வைத்தே இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். எந்த வயதில் எந்தத் தடுப்பூசி, எந்தப் பரிசோதனை என்ற அட்டவணை எல்லா அரசு மருத்துவமனைச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தொடர் நம் குடும்பங்களில் எந்த இடத்தில் அறுந்து போகிறது, ஏன் அறுந்து போகிறது என்பதைப் பேசத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

கைக்குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் அது அறுவதில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, கூடவே காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, பிறகு 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகள், 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி என்று கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து நினைவூட்டிவிடுகிறார். நம் நாட்டில் காட்டுப் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். அந்த வெற்றிக்குப் பின்னால் இருப்பது இந்தச் செவிலியர்களின் நடைதான். ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தடுப்பூசி அட்டை பெட்டிக்கு அடியில் போய்விடுகிறது. 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி) ஊக்க ஊசியும், 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய இரணஜன்னி, தொண்டை அடைப்பான் நோய்களுக்கான டி.டி. ஊசியும் அப்படித்தான் விடுபடுகின்றன. பறிப்புக் காலத்தில் தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர் குடியிருப்பிலேயே) பிள்ளைகளோடு தங்கிவிடும் தாய்மார்கள் அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். தேசிய அட்டவணை இரு மாநிலங்களுக்கும் ஒன்றுதான். புதன்கிழமைதான் இங்கும் அங்கும் தடுப்பூசி நாள்.

வளரிளம் பருவத்துப் பெண்பிள்ளைகளைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. கேரளத்தில் அது 36. ஒரே மலையின் இரண்டு சரிவுகளில் வாழ்கிற நமக்கு இந்த வேறுபாடு உறுத்த வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வயிறு புரட்டுகிறது என்று பிள்ளைகள் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் அந்தத் தொந்தரவு பெரிதும் குறையும் என்பதையும், மாத்திரையோடு டீயோ காப்பியோ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது என்பதையும் வீட்டில் சொல்லிக்கொடுங்கள். பிப்ரவரி 10ஆம் தேதியும் ஆகஸ்ட் 10ஆம் தேதியும் குடற்புழு நீக்க நாள்கள். பிள்ளைகளை அன்றைக்கு விடுப்பு எடுக்க விடாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசிக்கும் 9 முதல் 14 வயதே ஏற்ற காலம். ஒரே தவணை போட்டாலும் போதிய பாதுகாப்புக் கிடைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது.

அடுத்தது கர்ப்ப காலம். நம் மாநிலம் பெருமைப்படத்தக்க வேலையைச் செய்திருக்கும் இடம் இது. மருத்துவர் வி. சேஷையா நெடுங்காலம் வலியுறுத்தியதன் பயனாக, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு 2007இலேயே கட்டாயமாக்கியது. சாப்பிட்டு வந்திருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரை. குழந்தை பிறந்ததும் அளவு இறங்கிவிடும். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று தாயும் நினைக்கிறாள், வீடும் நினைக்கிறது. உண்மையில் அவளுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறு வாரம் கழித்து ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் அவள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆறாவது வாரத்தில் எல்லோருடைய கண்ணும் குழந்தையின் மேல்தான் இருக்கிறது. தாய்க்கான தொடர் முதன்முதலாக அறுவது இங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

அங்கே அறுந்தது முப்பது வயதுக்கு மேல் முழுவதும் தொலைந்துவிடுகிறது. முப்பது தாண்டிய எல்லோருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்றுநோய், பெண்களுக்குக் கூடுதலாக மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றுக்கான பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் வீட்டு வாசலுக்கே வருகிறது. 2024 முதல் தமிழ்நாட்டில் வேலைத் தலங்களுக்கும் வருகிறது. ஆனால் பணியாளர் வாசலுக்கு வரும் பகல் நேரத்தில் நம் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன; நம் வேலைத் தலமோ மாநில எல்லைக்கு அப்பால் இருக்கிறது. கேரளத்தில் குடும்ப சுகாதார மையங்கள் மாலை 6 மணி வரை இயங்குகின்றன என்றாலும், ஜீப் அதற்காகக் காத்திருக்காது. இரு அரசுகளும் வசதி செய்திருக்க, இரண்டுக்கும் இடையில் நம் பெண்கள் விடுபட்டுப்போகிறார்கள். தோட்ட வேலைக்குப் போகும் அக்கா ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "நோவு நொடி இல்லாம ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னா ஒரு நாள் சம்பளம் போகுமே, தங்கச்சி" என்றார். அவர் கணக்குத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். அன்றாடக் கூலியில் ஒரு நாள் என்பது பெரிய தொகை. ஆயினும் முற்றிய நிலையில் நோயைக் கண்டுபிடித்தால் அந்தக் குடும்பம் இழப்பது ஒரு நாள் கூலியாக இருக்காது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், கிருமி தொற்றியதிலிருந்து பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டு மெதுவாக வளரும் நோய். அத்தனை ஆண்டுகளும் நமக்குக் கிடைத்த அவகாசம். இதற்கான பரிசோதனையில் கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் பார்ப்பார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்துகொண்டால் போதும். இது பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு வெகுதூரத்துச் சான்று தேவையில்லை. நம் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இந்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. அதைச் செய்தவர்கள் செவிலியர்கள். அதில் பங்கெடுத்தவர்கள் நம்மைப் போன்ற பெண்கள்.

தோட்ட வேலைக்கே உரிய சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். ஏலக்காயில் இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். மருந்து அடித்த உடனே அந்தச் செடிகளுக்கு இடையில் இறங்க மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அன்றைக்கு உடுத்திய துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், குளிக்காமல் கைக்குழந்தையைத் தூக்காதீர்கள். மழைக் காலத்தில் சேற்றில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால், அதைத் தடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைக் கேரள சுகாதாரத் துறை பரிந்துரைக்கிறது. மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட எனக்கு மனவருத்தம் தருவது தண்ணீர் விஷயம். மறைவிடம் இல்லாத காரணத்தால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு வேலை செய்கிற பெண்கள் பலர். சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் அதனால்தான் வருகின்றன. தோட்டத்தில் ஒரு கழிப்பறை கட்டுவது தோட்ட உரிமையாளரின் கடமை; அதைக் கேட்பதும் நோய்த் தடுப்புதான்.

ஆண்களே, நீங்கள் மருத்துவமனைக்கு வருவது அடிபட்டால் மட்டும்தான். இரத்த அழுத்தம் 140க்கு 90ஐத் தாண்டி ஆண்டுக்கணக்கில் இருந்தாலும் தலை வலிக்காது, மயக்கம் வராது. கை கால் விழும்போதுதான் தெரியும். புகையிலை போடுகிறவர்கள், ஆண்களோ பெண்களோ, வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலும் வாயைத் திறக்கச் சிரமப்பட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள். ஜீப் ஓட்டும் தம்பிகள் நாற்பது வயதுக்கு மேல் ஆண்டுதோறும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறி ஆள் ஏற்றாதீர்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் தளர வேண்டாம். மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவும் உடற்பயிற்சியும் மட்டுமே நோயாக மாறும் வாய்ப்பைக் கால்பங்குக்கு மேல் குறைத்தன.

முதியவர்களுக்குக் கண்புரை, செவித்திறன், வழுக்காத குளியலறைத் தரை, விடாமல் மாத்திரை ஆகிய நான்கையும் கவனியுங்கள். பேரப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அவர்கள்தான் என்பதால் நிமோனியா, ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

என் வேண்டுகோள் இதுதான். பறிப்பு முடிந்து வேலை குறையும் ஏப்ரல், மே மாதங்களில், ஒரு ஜீப்பில் போகும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் அரசு மருத்துவமனைக்குப் போய் வாருங்கள். கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஒருத்தி மட்டும் விடுப்பு எடுத்த பேச்சு வராது. காலையில் காப்பிகூடக் குடிக்காமல் போனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையை அன்றைக்கே பார்த்துவிடலாம். மாதவிலக்கு நாளாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை அந்த நாள்களில் செய்ய மாட்டார்கள். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அன்றைய அளவுகளைச் செவிலியரையே அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டுகளையும் அதிலேயே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கட்டப்பனையில் காட்டினாலும், தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினாலும், மருத்துவர் முதலில் கேட்பது பழைய அளவு என்ன என்பதைத்தான்.